பூட்டிய அறையின் மொழி

தனித்துக் கிடக்கும் பழைய வீடு. அதில் குடியேறும் இளம் மனைவி. இரவானால் கேட்கும் சலங்கை ஒலி. 1993இல் மலையாளத்தில் வந்த 'மணிச்சித்ரத்தாழ்' பிறகு நான்கு மொழிகளுக்குப் போனது. போன இடமெல்லாம் வசூல் பெருகியது. கதவுக்குப் பின்னால் இருந்த பெண் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போனாள்.

அறையில் கணவனும் மனைவியும் மட்டும். நகை வாங்கக் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறாள் கங்கா. கூடப் போவதற்கு அல்லி காத்திருக்கிறாள். போக வேண்டாம் என்கிறான் நகுலன். ஏன் என்று கேட்கிறாள். காரணம் சொல்ல மறுக்கிறான். கெஞ்சுகிறாள், சிணுங்குகிறாள். அவன் மசிவதாக இல்லை. அடுத்த கணம் அந்த முகம் மாறுகிறது. புருவம் ஏறுகிறது, கண்கள் விரிகின்றன, குரல் தடிக்கிறது. அதுவரை அடக்கமாக மலையாளம் பேசிக்கொண்டிருந்த மனைவி, போக விடமாட்டாயா என்று ஆவேசமாகத் தமிழில் கேட்கிறாள். ஒற்றைக் கையால் கட்டிலைத் தூக்குகிறாள். நகுலன் அலறிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் கட்டில் இறங்குகிறது. என்ன ஆயிற்று என்று ஒன்றும் அறியாதவளாகக் கணவனைப் பார்க்கிறாள் கங்கா.

இந்திய சினிமாவில் பயமுறுத்தும் காட்சிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இந்தக் காட்சியில் பேய் இல்லை, ரத்தம் இல்லை, இருட்டுகூட இல்லை. பட்டப்பகலில் ஒரு வீட்டில், ஒரு மனைவியிடம் 'போகக் கூடாது' என்று சொல்லப்படுகிறது, அவ்வளவுதான். அந்த வார்த்தைக்குப் பதில் சொல்ல அவளுக்கு வேறொரு பெண்ணும் வேறொரு மொழியும் தேவைப்படுகின்றன. 'மணிச்சித்ரத்தாழ்' படத்தின் முழுக் கதையும் இந்த ஒரு காட்சிக்குள் அடங்கிவிடுகிறது.

1993 டிசம்பரில் வெளியான படம் இது. எழுதியவர் மது முட்டம். இயக்கியவர் ஃபாசில், 'பூவே பூச்சூடவா', 'வருஷம் 16', 'காதலுக்கு மரியாதை' மூலம் தமிழ் ரசிகர்களுக்கு நன்கு அறிமுகமானவர். கங்காவாக நடித்த ஷோபனாவுக்கு அந்த ஆண்டின் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. சிறந்த பொழுதுபோக்குப் படத்துக்கான தேசிய விருதும் இதற்கே. 2004இல் கன்னடத்தில் 'ஆப்தமித்ரா', 2005இல் தமிழில் 'சந்திரமுகி', அதே ஆண்டில் வங்காளியில் 'ராஜ்மொஹல்', 2007இல் இந்தியில் 'பூல் புலையா' என்று இந்தக் கதை நாட்டின் நாலா திசைக்கும் பயணம் செய்தது. 2024 ஆகஸ்டில் மூலப் படம் புதுப் பிரதியாகக் கேரளத் திரையரங்குகளுக்குத் திரும்பியது. முப்பது வருடம் பழைய படம், தொலைக்காட்சியில் எத்தனையோ முறை பார்த்துத் தீர்த்த படம். ஆனாலும் கூட்டம் வந்தது.

பாழடைந்த மாளிகையும் மர்மமும் இந்திய சினிமாவுக்குப் புதிதல்ல. கமால் அம்ரோஹியின் 'மஹல்' (1949) படத்தில் அசோக் குமாரை அலைக்கழிக்கும் ஆவி, கடைசியில் தோட்டக்காரரின் மகள் என்று தெரியவரும். யஷ் சோப்ராவின் 'இத்தெஃபாக்' (1969) ஒரே இரவு, ஒரே வீடு, தப்பி வந்த ஒரு கைதி, தனியாக இருக்கும் ஒரு பெண் என்று பாட்டே இல்லாமல் நகரும். ராம்கோபால் வர்மாவின் 'கௌன்' (1999) மூன்றே பாத்திரங்களை மழை இரவில் ஒரு பங்களாவுக்குள் அடைத்தது. இவை எல்லாவற்றிலும் 'யார் செய்தது?' என்பதே கேள்வி. மது முட்டத்தின் கேள்வி வேறு: 'அவளுக்கு ஏன் அது தேவைப்பட்டது?'

ஆலமூட்டிலிலிருந்து மாடம்பள்ளிக்கு

ஆலப்புழை மாவட்டத்தில் ஹரிப்பாடு அருகே உள்ள ஊர் முட்டம். எழுத்தாளர் தன் பெயரோடு சேர்த்துக்கொண்ட ஊர் அது. அங்கே ஆலமூட்டில் என்ற பெரிய தறவாடு இருக்கிறது. செல்வத்துக்கும் செல்வாக்குக்கும் பேர்போன அந்தக் குடும்பத்தில் முன்பு நடந்த ஒரு துயரச் சம்பவம் ஊர் வாயில் கதையாகத் தங்கிவிட்டது. அதுவே மது முட்டத்தின் கற்பனைக்கு விதை.

படத்தில் அந்த வீட்டின் பெயர் மாடம்பள்ளி. குடும்பத்தின் அன்றைய தலைவர், அதாவது காரணவர், சங்கரன் தம்பி. தஞ்சாவூரிலிருந்து நாகவல்லி என்ற நாட்டியப் பெண்ணைக் கொண்டுவந்து தன் வீட்டில் வைக்கிறார். அவள் மனமோ ராமநாதன் என்ற நடனக் கலைஞனிடம். விஷயம் தெரிந்ததும் ஒரு துர்காஷ்டமி இரவில் அவளைக் கொன்றுவிடுகிறார். அவள் ஆவி பழிவாங்க வருகிறது என்று வீடு நடுங்குகிறது. மந்திரவாதிகள் வருகிறார்கள். தெற்குப் பக்க அறையில் ஆவியை அடைத்துப் பூட்டுப் போடுகிறார்கள். அந்தப் பூட்டுதான் படத்தின் தலைப்பு.

நடுமுற்றத்தைச் சுற்றி நான்கு பக்கமும் கட்டிய வீட்டை மலையாளிகள் நாலுகெட்டு என்பார்கள். அதன் தெற்குப் பகுதி தெக்கினி. பழைய கேரள வீடுகளின் கனத்த மரக் கதவுகளில் வேலைப்பாடுகள் நிறைந்த உலோகப் பூட்டுகள் இருக்கும். அவையே மணிச்சித்திரத் தாழ். 'தாழ்' தமிழுக்கும் பழைய சொல். திருடனை வெளியே நிறுத்துவதற்காகச் செய்த பூட்டு, இந்த வீட்டில் ஒரு பெண்ணின் கதையை உள்ளே நிறுத்துவதற்காகப் பயன்படுகிறது.

திரையில் ஒரே வீடாகத் தெரியும் மாடம்பள்ளி உண்மையில் பல துண்டுகளின் ஒட்டு. வெளித்தோற்றம், கொச்சி அரச குடும்பத்தின் திருப்பூணித்துறை ஹில் பேலஸ். உட்புறக் காட்சிகள் சிலவற்றைப் பத்மநாபபுரம் அரண்மனையில் எடுத்தார்கள். கன்னியாகுமரி மாவட்டம் தக்கலை அருகே, 1956 முதல் தமிழக எல்லைக்குள் இருக்கும் அரண்மனை அது. நிர்வாகம் மட்டும் இன்றும் கேரளத் தொல்லியல் துறையிடம். தமிழ் மண்ணில் மலையாளிகளின் கையில் சாவி உள்ள ஒரு மாளிகை, தமிழ் பேசும் ஆவியை மலையாள வீட்டுக்குள் பூட்டிவைத்த கதைக்கு நிலைக்களமானது தற்செயல்தான். ஆனால் இதைவிடப் பொருத்தமான இடம் அமைந்திருக்க முடியாது.

படப்பிடிப்பும் அப்படியே, பல கைகள் சேர்ந்து கட்டிய வீடு. பிரியதர்ஷன், சிபி மலயில், இரட்டையர்களான சித்திக்-லால் ஆகியோர் ஃபாசிலுக்கு உதவியாக இரண்டாம் யூனிட்டை இயக்கினார்கள். தனித்தனியாகக் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்த இயக்குநர்கள் அவர்கள். இத்தனை பேர் எடுத்தும் படத்தில் தையல் தெரியவில்லை என்றால், எல்லோரும் ஒரே பெண்ணின் முகத்தைப் பின்தொடர்ந்தார்கள் என்பதே காரணம்.

பயப்படாத ஒரே ஆள்

கல்கத்தாவிலிருந்து வருகிறார்கள் நகுலனும் கங்காவும். பூர்வீக வீட்டில் தங்க வேண்டாம் என்று கெஞ்சுகிறார் நகுலனின் மாமா தம்பி. படித்தவனான நகுலன் சிரித்துவிட்டுக் குடியேறுகிறான். ஊரே ஒதுக்கிவைத்த வீடு. மற்றவர்கள் நடுங்குகிறார்கள். கங்கா நடுங்கவில்லை. அவள் கதை கேட்கிறாள். கேட்ட கதையைத் திரும்பக் கேட்கிறாள். அல்லியின் மூலம் தெக்கினிக்கு மாற்றுச் சாவி செய்து வாங்கிக் கதவைத் திறக்கிறாள். உள்ளே நாகவல்லியின் ஓவியம், நகைகள், புடவைகள்.

பேய்ப் படங்களின் வழக்கப்படி இங்கே பார்வையாளர் 'ஐயோ, திறக்காதே' என்று பதற வேண்டும். ஃபாசில் அந்தப் பதற்றத்தைக் காட்டிலும் கங்காவின் முகத்தில் தெரியும் வெளிச்சத்தை அதிகம் கவனிக்கிறார். காணாமல்போன பொருள் கிடைத்த குழந்தையின் முகம் அது.

ஏன் என்பதற்கு விடை பிறகு வருகிறது. அவளுடைய பெற்றோர் கல்கத்தாவில் இருந்தார்கள். சிறுமி கங்காவைக் கேரளக் கிராமத்தில் பாட்டியிடம் விட்டுப் போனார்கள். பாட்டி சொன்ன கதைகளும் காவும் குளமுமே அவள் உலகம். ஒருநாள் பெற்றோர் வந்து நகரத்துக்கு அழைத்துப்போவதாகச் சொன்னபோது அந்தக் குழந்தை மனம் உடைந்துபோனது. பிறகு கல்யாணம், மறுபடி கல்கத்தா, வேலை வேலை என்று ஓடும் அன்பான கணவன். நகுலன் கெட்டவன் அல்ல. மனைவியை அடிப்பதில்லை, வைவதில்லை. அவனுக்கு நேரம் இல்லை, அவ்வளவே. தனக்கு ஒரு குறை இருக்கிறது என்று சொல்வதற்குக்கூட அவளுக்குக் காரணம் கிடைக்காத வாழ்க்கை.

இங்கேதான் மது முட்டத்தின் நுட்பம். கொடுமைக்காரக் கணவனை வைத்திருந்தால் கதை எளிதாகிவிடும். நல்ல கணவனை வைத்ததால் கங்காவின் கோபத்துக்குப் போக இடமில்லை. கொல்லப்பட்ட நாகவல்லிக்கோ கோபப்பட எல்லா உரிமையும் உண்டு. ஊரே ஒப்புக்கொண்ட கோபம், ஊரே பயந்து பூட்டிய கோபம். கங்கா அதை இரவல் வாங்குகிறாள்.

வீட்டில் விபரீதங்கள் தொடங்குகின்றன. புடவை தீப்பற்றுகிறது. பொருள்கள் உடைகின்றன. நகுலனின் உயிருக்கே குறி வைக்கப்படுகிறது. சந்தேகமெல்லாம் தம்பியின் மகள் ஸ்ரீதேவி மீது விழுகிறது. செவ்வாய் தோஷ ஜாதகத்தால் வாழ்க்கை தடம் புரண்டவள், அதிகம் பேசாதவள், தனியாக நடமாடுபவள். இப்படிப்பட்ட பெண்மீது சந்தேகம் விழுவது கதைக்குள் இருப்பவர்களுக்கு மட்டுமல்ல, பார்ப்பவர்களுக்கும் இயல்பாக இருக்கிறது. கல்யாணமான, சிரித்துப் பேசும் பெண்ணை யாரும் சந்தேகிப்பதில்லை. வாழாவெட்டி என்றால் முதல் விரல் அவள் பக்கம் நீள்கிறது. படம் பார்வையாளரை ஏமாற்றுவது அவருடைய இந்த வழக்கத்தைப் பயன்படுத்தித்தான். உண்மை வெளியாகும்போது வரும் அதிர்ச்சியில் கொஞ்சம் வெட்கமும் கலந்திருக்க வேண்டும்.

அமெரிக்காவிலிருந்து வரும் மனநல மருத்துவர் சன்னி, அதாவது மோகன்லால், படம் தொடங்கி வெகுநேரம் கழித்தே உள்ளே நுழைகிறார். வந்த பிறகும் கோமாளித்தனம் செய்துகொண்டு எல்லோரையும் கவனித்துக்கொண்டிருப்பதே அவர் வேலை. நோயாளி கங்காதான் என்று அவர் சொல்லும்போது நகுலன் நம்ப மறுக்கிறான். கடைக்குப் போகக் கூடாது என்று சொல்லிப் பார், தெரியும் என்கிறார் சன்னி. அப்படித்தான் அந்தக் கட்டில் காட்சி நேர்கிறது. அன்றைக்குத் துர்காஷ்டமி.

பக்கத்து வீட்டு மொழி

நாகவல்லி ஏன் தமிழ் பேச வேண்டும்? வரலாற்றில் இதற்கு வலுவான பின்னணி உண்டு. திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் சபையில் தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு இருந்தார். தஞ்சை நாட்டியமும் அதை ஆடியவர்களும் கேரள அரண்மனைகளுக்குப் போனது நடந்த செய்தி. கங்கா கேட்டு வளர்ந்த பழங்கதைகளின் உலகத்தில் ஆட்டக்காரி என்றால் தஞ்சாவூர்க்காரி.

ஆனால் வரலாற்றைவிடச் சுவையான விஷயம், இந்தக் கதை மொழி மாறும்போது நடந்தது. கன்னட 'ஆப்தமித்ரா'வில் நாகவல்லி தெலுங்கு பேசினாள். தமிழ்ச் 'சந்திரமுகி'யில் வேட்டையன் அரண்மனைக்கு வந்த நடனக்காரி ஆந்திரத்தின் விஜயநகரத்துப் பெண், அவளும் தெலுங்கு. இந்திப் 'பூல் புலையா'வில் மஞ்சுளிகா வங்காளத்துப் பெண். கேரளம் தன் வீட்டுப் பேயைத் தமிழ் பேச வைத்தது. தமிழ்நாடு அந்தப் பேயைத் தெலுங்குக்குத் தள்ளியது. இந்தி வங்காளத்தைக் கைகாட்டியது. ஆவேசம், காமம், பழிவெறி மூன்றும் எப்போதும் பக்கத்து வீட்டிலிருந்து வந்தவை. நம் வீட்டுப் பெண்ணுக்கு அதெல்லாம் தெரியாது!

கேலிக்குரியதாகத் தெரிந்தாலும் இந்த ஏற்பாட்டுக்குள் ஓர் உண்மை இருக்கிறது. அண்டை மொழி என்பது முற்றிலும் அந்நியமானது அல்ல. பாதி புரியும், மீதி மயக்கும். மலையாளிக்குத் தமிழ் பாட்டின் மொழி. தமிழருக்குத் தெலுங்கு கீர்த்தனையின், பதத்தின், சபா மேடையின் மொழி. இந்திக்காரருக்கு வங்காளி இனிமையின், கலையின் மொழி. அன்றாடம் குழம்பு, கணக்கு, மாமியார் என்று புழங்கும் தாய்மொழியில் சொல்ல முடியாததைச் சொல்ல, அலங்காரமான அந்த மொழி கைகொடுக்கிறது. கங்கா பைத்தியமானதால் தமிழ் பேசவில்லை. பேச முடியாததைப் பேசுவதற்கு அவளுக்குத் தமிழ் கிடைத்தது.

இசையமைத்த எம்.ஜி. ராதாகிருஷ்ணனும் இதே வழியில் யோசித்திருக்கிறார். யேசுதாஸ் பாடும் முக்கியமான பாடல் ஒன்றுக்கு அவர் தேர்ந்தெடுத்தது ஆஹிரி ராகம். அதைப் பாடியவருக்கு அன்று சோறு கிடைக்காது என்று சங்கீத வட்டாரத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. பூட்டிய அறையைத் திறப்பதும் ஒதுக்கிய ராகத்தைப் பாடுவதும் ஒரே துணிச்சல்தான். நாட்டியக் காட்சிக்கான தமிழ் வரிகளை எழுதியவர் வாலி. இப்படித் திரைக்கு முன்னும் பின்னும் தமிழ் இந்தப் படத்தில் நிறைந்திருக்கிறது.

டாக்டர் பெரியவரானார்

'ஆப்தமித்ரா'வை இயக்கியவர் பி. வாசு. கங்காவாக நடித்த சௌந்தர்யா, படம் வெளிவருவதற்கு முன்பே 2004 ஏப்ரல் 17 அன்று விமான விபத்தில் இறந்தார். அந்தத் துயரமும் படத்தோடு சேர்ந்துகொண்டது. படம் பெரும் வெற்றி. அடுத்த ஆண்டு ஏப்ரலில் அதே வாசு, ரஜினிகாந்தை வைத்து, சிவாஜி புரொடக்‌ஷன்ஸ் தயாரிப்பில் 'சந்திரமுகி'யைக் கொடுத்தார். சென்னை சாந்தி தியேட்டரில் 800 நாட்களைத் தாண்டி ஓடி வரலாறு படைத்தது.

மலையாளத்தில் வெகுநேரம் காத்திருந்து நுழைந்த டாக்டர், தமிழில் முதல் காட்சியிலேயே சண்டையோடும் பாட்டோடும் வந்துவிடுகிறார். ரஜினி படத்தில் வேறு மாதிரி இருக்க முடியாது என்பது நியாயமான வாதம். ஜோதிகாவின் உழைப்பும் குறைந்ததல்ல. அந்த விரிந்த கண்களைத் தமிழ்நாடு இன்னும் மறக்கவில்லை. ஆனால் எடைக்கல் இடம் மாறிவிட்டது. மூலத்தில் பெண்ணின் தனிமை நடுவில் இருந்தது. தமிழில் நாயகனின் தியாகம் நடுவில் வந்தது.

இன்னொரு மாற்றம் இதைவிட முக்கியமானது. மலையாளத்தில் கொலைகாரக் காரணவருக்குப் பெரிய நட்சத்திரத்தின் முகம் கிடையாது. சுவரில் மாட்டிய படமாகவே இருக்கிறார். தமிழில் வேட்டையனாகவும் ரஜினியே வருகிறார். அவர் 'லக லக' என்று சொன்னபோது அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. ஒரு பெண்ணைக் கொன்றவன் படத்தின் அதிக விசில் வாங்கிய பாத்திரமாகிவிட்டான். அவள் எதற்காக ஆடினாள், எதற்காக அழுதாள் என்பது அந்த விசிலில் அமுங்கிவிட்டது.

முன்பு ஃபாசிலுக்கு உதவிய பிரியதர்ஷனே இந்தியில் இயக்கினார். ஜெய்ப்பூர் அருகே சௌமு அரண்மனை, அக்‌ஷய் குமாரின் நகைச்சுவை, வித்யா பாலனின் மஞ்சுளிகா. அங்கேயும் வித்யா பாலன் தன் பங்கைக் கச்சிதமாகச் செய்தார். ஆனால் பிறகு வந்ததுதான் உண்மையான சறுக்கல். 2022இல் வந்த 'பூல் புலையா 2' படத்திலும் 2023இல் வந்த 'சந்திரமுகி 2' படத்திலும் பேய் என்பது நிஜமான பேய். நோயாளியை மீட்பதற்காக எழுதப்பட்ட கதை, பெயரை மட்டும் வைத்துக்கொண்டு மந்திரவாதியிடமே திரும்பிப் போனது.

சங்கிலியும் சாவியும்

இது வெறும் சினிமா விவகாரம் என்று தள்ளிவிட முடியாது. படத்தில் மாடம்பள்ளியாக நின்ற ஹில் பேலஸிலிருந்து சில கிலோமீட்டரில் சோட்டானிக்கரை பகவதி கோயில் இருக்கிறது. 'பேய் பிடித்த' பெண்களைப் பல தலைமுறைகளாக அழைத்துவரும் இடம். ஓட்டுவித்த ஆவியை ஆணியோடு அறைந்த பாலை மரம் அங்கே உண்டு. தமிழ்நாட்டிலும் இதுபோன்ற இடங்களுக்குக் குறைவில்லை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநலக் காப்பகம் என்ற பெயரில் நடந்த கொட்டகை ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகி இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்ட அந்தக் கோரம்தான் நாட்டை உலுக்கியது. மனநோயாளிகளை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் திட்டவட்டமாகத் தடை செய்தது.

ஏர்வாடிக்கு எட்டு வருடம் முன்பு வந்த ஒரு வணிகப் படம், ஆடும் பெண்ணைப் பார்த்து 'இவளுக்குப் பேய் இல்லை, நோய்' என்று சொன்னது சின்ன விஷயமல்ல. அதைச் சொன்ன விதமும் கவனிக்கத்தக்கது. மந்திரவாதியை அது கேலிப் பொருளாக்கவில்லை. திலகன் நடித்த பிரம்மதத்தன் நம்பூதிரிப்பாடு படித்தவர், சன்னியின் அறிவை மதிப்பவர். நோயாளியின் நம்பிக்கைக்கு உள்ளே போய்த்தான் அவளை வெளியே அழைத்துவர முடியும் என்று இருவரும் ஒப்புக்கொள்கிறார்கள். துர்காஷ்டமி இரவில் பூஜைக்கான எல்லா ஏற்பாடுகளும் நடக்கின்றன. நாகவல்லி வாளை ஓங்குகிறாள். பலகை சுழல்கிறது. நகுலன் இருந்த இடத்தில் சங்கரன் தம்பியின் பொம்மை. வெட்டித் தீர்த்துவிட்டு அவள் ஓய்கிறாள்.

மருத்துவப் புத்தகத்தின்படி இந்தச் சிகிச்சை செல்லாது. ஒருவருக்குள் இருவர் என்ற நிலைக்கு உலக அளவில் வழங்கிய பழைய பெயரை 1994இல் அமெரிக்க உளவியல் மருத்துவர் சங்கத்தின் கையேடு மாற்றி, நினைவும் தன்னுணர்வும் பிளவுபடும் கோளாறு என்று திருத்தியது. பெரும்பாலும் குழந்தைப் பருவத்தின் கடுமையான காயங்களோடு தொடர்புள்ள நோய் அது. ஆண்டுக்கணக்கான பேச்சுச் சிகிச்சை தேவைப்படும். ஒரே இரவில், ஒரே வெட்டில் தீர்ந்துவிடாது. நோயாளி என்றால் கொலைவெறி கொண்டவர் என்ற தவறான எண்ணத்துக்கும் இத்தகைய படங்கள் தீனி போடுகின்றன. உண்மையில் மனநோயாளிகள் பிறருக்குத் தீங்கு செய்வதைவிடப் பிறரால் தீங்குக்கு ஆளாவதே அதிகம். 'மணிச்சித்ரத்தாழ்' இந்தக் குற்றச்சாட்டிலிருந்து முழுக்கத் தப்ப முடியாது.

தப்பும் இடம் ஒன்று உண்டு. சன்னி செய்யும் முதல் சிகிச்சை அந்தச் சுழல் பலகை அல்ல. தெக்கினிக்கு வந்து நாகவல்லியிடம் பேச்சுக் கொடுக்கிறாரே, அதுதான். மற்ற எல்லோரும் அந்தக் குரலைக் கேட்டு ஓடினார்கள். அவர் நின்று, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். கங்காவிடம் அதுவரை யாரும் கேட்காத கேள்வி அது. பிறகு வந்த படங்கள் பலகையை எடுத்துக்கொண்டன, வாளை எடுத்துக்கொண்டன, சலங்கையை எடுத்துக்கொண்டன. இந்தக் கேள்விக்கு அவை அதிக நேரம் ஒதுக்கவில்லை.

பெயர் தெரியாத குரல்

ஷோபனா நடிகை மட்டுமல்ல. சென்னையில் சித்ரா விஸ்வேஸ்வரனிடமும் பத்மா சுப்ரமணியத்திடமும் நாட்டியம் பயின்றவர். திருவாங்கூர் சகோதரிகளான லலிதா, பத்மினி, ராகினியின் சகோதரர் மகள். 1994இல் சென்னையிலேயே 'கலார்ப்பணா' நாட்டியப் பள்ளியைத் தொடங்கினார். 2006இல் பத்மஸ்ரீயும் 2025இல் பத்மபூஷணும் வந்தன. கேரளத்துக் குடும்பம், தமிழ் ஊரில் கற்ற ஆட்டம்: கங்காவும் நாகவல்லியும் ஒரே உடலில் இருப்பதற்கு அவரைவிடத் தகுந்தவர் கிடைத்திருக்க மாட்டார்.

முகம் ஷோபனாவுடையது, குரல் அவருடையதல்ல. கங்காவுக்குக் குரல் கொடுத்தவர் மலையாளத்தின் புகழ்பெற்ற டப்பிங் கலைஞர் பாக்யலட்சுமி. நாகவல்லியின் குரலும் அவருடையதே என்று ரசிகர்கள் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தார்கள். சுமார் 23 வருடங்களுக்குப் பிறகு, 2016இல், மலையாள வார இதழ் ஒன்றின் மூலம் ஃபாசில் உண்மையைச் சொன்னார். அந்தத் தமிழ் உச்சரிப்பு சரியாக அமைய வேண்டும் என்பதற்காக, நாகவல்லியின் பகுதிகளுக்கு மட்டும் தமிழ் டப்பிங் கலைஞர் ஒருவரைப் பேச வைத்திருந்தார்கள்.

கேரளத்தை நடுங்கவைத்த குரல் அது. குழந்தைகள் தூக்கத்தில் திடுக்கிட்டு எழுந்த குரல், மேடைகளில் பலகுரல் கலைஞர்கள் ஓயாமல் போலி செய்த குரல். அதற்கு உரியவர் யார் என்பது அத்தனை காலம் பூட்டிய அறைக்குள் இருந்தது. ஒரு தமிழ்ப் பெண்ணின் குரல் இன்னொரு பெண்ணின் முகத்துக்குப் பின்னால் மறைந்து கிடந்தது. படத்தின் கதை படத்துக்கு வெளியேயும் நடந்தது.

கதவைத் திறந்தபோது வெளியே வந்த பெயர் துர்கா.